இருபத்து மூன்று பாக்கெட்டுகளும் ஒரு சம்படமும்

ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் பெரிய ஆபத்து கிடையாது. அவன் நாலு பேரைக் கேட்டுக் கேட்டுச் செய்வான். பாதி தெரிந்துகொண்டு, அந்தப் பாதியை எக்செல் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு வைத்திருப்பவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த இரண்டாவது ரகம். ஹனோவரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றாலை இறக்கைகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. தலைமுடியைவிட மெல்லிய விரிசலைக்கூடப் பிடித்துவிடுவேன். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், பின்னால் வரும் கூத்தைப் படிக்கும்போது உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

மயூரியை நான் சந்தித்தது இங்கே நடந்த ஒரு பொங்கல் விழாவில். மண்டபம் முழுக்க வடையும் இலங்கைக்காரர்களின் ரோல்ஸும் பறந்துகொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆப்பிள் துண்டுகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொதுச்சேவை மனப்பான்மையோடு (அவள் அழகாக இருந்தாள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை) ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"எனக்கு ஏலாது," என்றாள்.

"டயட்டா?"

"இல்லை. கோதுமை ஏலாது. ட்சொலியாக்கி."

செலியாக் நோய்க்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒரு துளி உள்ளே போனாலும் குடல் தன்னைத்தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். மூன்று நாள் வயிற்று வலி, அப்புறம் ஒரு வாரம் எழுந்திருக்க முடியாத அசதி. மயூரி இங்கேயே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் ஜெர்மன் பேசினால் அம்மா பதில் சொல்ல மாட்டார் என்பதால் அவளுடைய தமிழ் என்னுடையதைவிடச் சுத்தம்.

"கோதுமை மட்டும்தானே?" என்றேன். "அப்ப நீங்க எங்க ஊர்ல பொறந்திருக்கணும். திருச்சிப் பக்கம் சுகர் வந்தவங்கதான் கோதுமை சாப்பிடுவாங்க. இட்லி, தோசை, சாம்பார், ரசம், எல்லாமே குளூட்டன் ஃப்ரீதாங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்தோம். அவள் வீட்டில் இந்தியப் பையனா என்றோ, என்ன ஆட்கள் என்றோ ஒரு கேள்வி வரவில்லை. அவள் அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில், குழம்பு தண்ணியாக இருக்கிறதென்று யாரோ கொஞ்சம் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு "ஒண்டும் செய்யாது, துளிதானே" என்று பதில் வந்திருக்கிறது. மயூரி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து ஆன்ட்டி (மயூரியின் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) எந்த வீட்டுச் சாப்பாட்டையும் நம்புவதில்லை.

"என்ரை பிள்ளை கடைசிவரைக்கும் சாப்பிடப்போற வீடு. நான் ஒருக்கா வந்து பாக்க வேணும்," என்று ஆன்ட்டி போனில் சொன்னார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அர்த்தமும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தச் சாப்பாட்டில் பிழை வந்தால் கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

"வெளியிலை போவமே?" என்றாள் மயூரி. "குளூட்டன் இல்லாத கஃபே ஒண்டு எனக்குத் தெரியும்."

"சான்ஸே இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம், என் வீட்டுல, நானே சமைக்கிறேன். ஃபுல் மீல்ஸ்."

"உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

"மயூரி, விரிசல் கண்டுபிடிக்கறது என் தொழில்."

அந்த வாரம் நான் செய்த ஏற்பாடுகளை இன்று நினைத்தாலும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வருகிறது. பழைய மரப்பலகையைத் தூக்கிப் போட்டேன். புது வாணலி, புது குக்கர், புது வடிகட்டி வாங்கினேன். சமையலறை அலமாரிகளை வினிகர் விட்டு மூன்று தடவை துடைத்தேன். ரொட்டியையும் பாஸ்தாவையும் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்தேன் (அவர் நான் ஊரைக் காலி செய்கிறேன் என்று நினைத்து மகிழ்ச்சியோடு கை குலுக்கினார்). சமையலறைக் கதவில் "கோதுமைக்கு அனுமதி இல்லை" என்று தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி ஒட்டினேன். அப்புறம் எக்செல் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஏசியா கடை. வியட்நாம்காரக் குடும்பம் நடத்துகிறது. இந்தக் கடைகளில் எந்த நாட்டுப் பொருளாக இருந்தாலும், பின்னால் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருப்பார்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். கோதுமைக்கு 'வைட்ஸன்'. அந்த ஒரு வார்த்தையைத் தேடினால் போதும், குழந்தைகூடச் செய்துவிடலாம்.

சோயா சாஸில் வைட்ஸன் இருந்தது. எனக்குச் சோயா சாஸ் தேவையே இல்லை, ஆனாலும் கண்டுபிடித்ததில் ஒரு கிளுகிளுப்பு. பத்து பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் அம்மாளையும் எச்சரித்தேன். அடுத்தது ஒட்டரிசி. பாக்கெட்டில் 'குளூட்டினஸ் ரைஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. இவ்வளவு அப்பட்டமாகவா எழுதி விற்பார்கள் என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அதில் குளூட்டன் கிடையாது, ஒட்டும் என்பதால் அந்தப் பெயர் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். நான் அதைவிடப் பொறுமையாக அவளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசை கதவுவரை நீண்டது. (அவள் சொன்னதுதான் சரி. இப்போது நான் அந்தக் கடைக்குப் போனால் அவள் கணவர்தான் கல்லாவுக்கு வருகிறார்.)

அடுத்தது நம்முடைய யாழ்ப்பாணத்து அண்ணை கடை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், எல்லாம் கிடைக்கும். அண்ணை கல்லாவில் உட்கார்ந்தபடியே ஆளைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்ளும் மனிதர்.

"என்ன தம்பி, ஒவ்வொண்டையும் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள்? ஆருக்கும் வருத்தமோ?"

வருத்தம் என்றால் அவர்கள் தமிழில் நோய். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கவனம். உந்த இடியப்ப மாவிலை கோதுமை கலந்திருக்கும். மற்றது..."

"தெரியும் அண்ணே, தெரியும்," என்று அவரை அங்கேயே நிறுத்தினேன். என்னிடம் போய்!

சாம்பார்ப் பொடியை எடுத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் தடித்த எழுத்தில் வைட்ஸன்! சாம்பார்ப் பொடிக்குள் கோதுமைக்கு என்ன வேலை என்று ஒரு நொடி நின்று யோசித்திருக்கலாம். விரிசல் நிபுணன் யோசிக்கவில்லை. "கலப்படம்" என்று முணுமுணுத்தபடி அதைத் திரும்ப வைத்துவிட்டு, மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயம் என்று தனித்தனியாக எடுத்தேன். நானே வறுத்து நானே அரைத்துவிட்டால் எவன் என்னை ஏமாற்ற முடியும்?

எல்லாவற்றையும் பையில் போடும்போது அண்ணை கேட்டார்: "பெருங்காயம் எடுக்கேல்லையோ?"

"அது ஊர்லேர்ந்து அம்மா குடுத்து விட்டிருக்காங்க அண்ணே. இங்க கிடைக்கறதுல வாசமே இல்ல."

"தம்பி, பெருங்காயத்திலை..."

"உங்க ஊர்ச் சமையல்ல அதை அதிகம் போட மாட்டீங்கன்னு தெரியும் அண்ணே. எங்களுக்கு அது இல்லாம அடுப்பே பத்தாது," என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாசல்வரை வந்து அவர் ஏதோ சொன்னார். டிராம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு மணி அடித்தது. மயூரியின் அப்பா முப்பது வருடமாக ஜெர்மன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இரண்டு நிமிடம் முன்னால் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஆன்ட்டி பட்டுப் புடவைக்கு மேல் கனத்த கோட்டுப் போட்டிருந்தார். உள்ளே வந்ததும் கண் நேராகச் சமையலறைக் கதவில் இருந்த அறிவிப்புக்குப் போனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் இதற்காகவே காத்திருந்தேன். ஜன்னல் திண்டில் இருபத்து மூன்று பாக்கெட்டுகளையும், ஸ்டிக்கர் வெளியே தெரியும்படி, உயர வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன்.

"ஆன்ட்டி, இன்னிக்குச் சமையல்ல போட்டது எல்லாம் இங்க இருக்கு. நீங்களே செக் பண்ணிக்கலாம்."

ஆன்ட்டி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, திருப்பி, படித்து, வைத்தார். பருப்பு, புளி, கடுகு, உளுந்து. கடுகும் இங்கே ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் அதில் தடித்த எழுத்து இருந்தது, அந்தப் பாக்கெட்டை மட்டும் இரண்டு தடவை படித்தார். இருபத்து மூன்றும் முடிந்தது.

"நல்ல வடிவாச் செய்திருக்கிறியள், தம்பி," என்றார்.

மயூரி ஆன்ட்டிக்குப் பின்னால் நின்று எனக்கு மட்டும் தெரியும்படி சிரித்தாள். நான் அந்த நேரத்தில் தரையில் நிற்கவே இல்லை.

மேசையில் எல்லாம் பரப்பினேன். முருங்கைக்காய் சாம்பார், தக்காளி ரசம், உருளைக்கிழங்கு வறுவல், மெதுவடை, தாளித்த தயிர்சாதம், பால் பாயசம். ஜெர்மன்காரர்களின் பழக்கம் ஒட்டிக்கொண்டதால் அங்கிள் முதலில் ரசத்தை சூப் மாதிரிக் கரண்டியால் எடுத்துக் குடித்தார். கண்களை மூடினார்.

"ஆ! என்ன வாசம் தம்பி இது?"

இதற்கு "நன்றி அங்கிள்" என்று சொல்லி நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனால் பெருமை என் வாயைப் பிடுங்கியது.

"பெருங்காயம் அங்கிள். சாம்பார், ரசம், வடை, வறுவல், தயிர்சாதத் தாளிப்பு, எதையும் விடல. அம்மா ஊர்லேர்ந்து குடுத்து விட்டது."

மயூரியின் கை சாம்பார் சோற்றோடு பாதி வழியில் நின்றது.

"அந்தப் பெருங்காயப் பக்கெற் எங்கை?" என்று கேட்டாள். "ஜன்னலிலை நான் காணேல்லையே."

"பாக்கெட் இல்ல, சம்படம்."

போய் எடுத்து வந்தேன். சின்ன எவர்சில்வர் சம்படம். பெட்டிக்குள் வாசம் பரவி என் சட்டையெல்லாம் நாறக்கூடாது என்று அம்மா கடை டப்பாவிலிருந்து அதற்கு மாற்றி, மேலே நாலு சுற்று பிளாஸ்டிக் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தது. மூடியில் அம்மா கையெழுத்தில் 'பெருங்காயம்' என்று மட்டும் இருந்தது. ஸ்டிக்கர் இல்லை. தடித்த எழுத்தும் இல்லை.

மயூரி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். "தூளாய் வாறதுக்குள்ளை கோதுமை மா கலக்கிறவை," என்றாள் மெதுவாக.

"சேச்சே. அம்மா வாங்கறது அப்படி இருக்காது. இரு, இப்பவே கேட்டுடறேன்." கையெல்லாம் ரசம் என்பதால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். இப்படி ஒரு முடிவை எடுக்க ஆராய்ச்சிப் படிப்புத் தேவையில்லை, இயற்கையாகவே வர வேண்டும்.

"என்னடா, அவங்க வந்தாச்சா? சாம்பார் எப்படி வந்துச்சு?"

"அம்மா, நீ குடுத்தியே பெருங்காயம், அதோட கடை டப்பா வீட்டுல இருக்கா? பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படி."

"எதுக்குடா இப்ப?"

"படிம்மா."

திருச்சியில் அம்மா கண்ணாடியைத் தேடியது, அலமாரியைத் திறந்தது, எதையோ கீழே தள்ளியது, எல்லாம் ஹனோவரில் தெளிவாகக் கேட்டது. நாலு பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"கோந்து... கோதுமை மாவு... அப்புறம் பெருங்காயம். அடப்பாவி, பெருங்காயத்தைக் கடைசியிலதான்டா போட்டிருக்கான்! இத்தன வருஷமா கோதுமை மாவைத்தான் தாளிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்!"

அங்கிள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"ஏண்டா, அந்தப் பொண்ணுக்குக் கோதுமை ஆகாதுன்னு சொன்னியே, அதுக்கா? ஒரு சிட்டிகைதானே போட்டே? ஒண்ணும் ஆகாதுடா."

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் பல வருடமாக வெறுத்துக்கொண்டிருந்த வார்த்தையை, சம்பந்தி ஆகப்போகிறவர் ஸ்பீக்கரில் சொல்லிவிட்டார்.

"ஆகும்மா," என்றேன். "அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டு மயூரியின் தட்டை எடுத்தேன். "நீ எதையாவது வாயில வெச்சியா?"

"இல்லை."

அந்தத் தட்டை அவள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். வீரமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னேன்.

"பாயசத்திலை பெருங்காயம் இல்லைத்தானே?" என்று அங்கிள் சமாதானமாகக் கேட்டார். "பிள்ளை அதைச் சாப்பிடட்டும்."

உண்மைதான், பாயசத்தில் பெருங்காயம் இல்லை. ஆசையாகத் தலையாட்டப் போனேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாம்பாரைக் கிளறிய கரண்டியை அலம்பாமலே ஒரு தடவை பாயசத்தில் விட்டிருந்தேன், பால் பொங்கிய அவசரத்தில். அதை யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நாளில் மிச்சம் இருந்த ஒரே மரியாதை அந்தப் பாயசம்தான்.

"வேண்டாம் அங்கிள். சாம்பார்க் கரண்டி அதுல பட்டிருக்கு. சோத்தையும் தொட வேண்டாம், பக்கத்துலயே இருந்துச்சு. நான் புதுசா வடிக்கிறேன்."

சமையலறைக்குப் போய், குக்கரை மூன்று தடவை கழுவி, புதிதாக அரிசி போட்டேன். பின்னாலேயே ஆன்ட்டி வந்து கதவில், நான் ஒட்டிய அறிவிப்புக்குப் பக்கத்தில் நின்றார். குக்கர் விசில் அடிக்கும்வரை நான் ஏற்கெனவே துடைத்த மேடையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தாமதமாக வெந்த அரிசி வேறு கிடையாது.

"தம்பி," என்றார் கடைசியில். "அந்தக் கரண்டி விசயம் நீங்கள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிராது."

"ஆமா ஆன்ட்டி."

"ஏன் சொன்னனீங்கள்?"

நல்ல பதில் ஒன்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆனால் எனக்கு வந்தது இதுதான்: "பயமா இருந்துச்சு ஆன்ட்டி."

"என்னிலையோ?"

"இல்ல. அவ வயித்துல."

ஆன்ட்டி கையை நீட்டி அடுப்பை அணைத்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வந்ததிலிருந்து அவர் அதைக் கழற்றவே இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"அந்தப் பயம் காணும்," என்றார் (அவர்கள் தமிழில் 'காணும்' என்றால் 'போதும்'). "மற்றதெல்லாம் பழகலாம். தயிர் உடைக்காதது இருக்கோ?"

இருந்தது. மயூரி வெறும் சோற்றில் புதுத் தயிரும் உப்பும் போட்டுச் சாப்பிட்டாள். நானும் ஆன்ட்டியும் அதையே சாப்பிட்டோம். அங்கிள் மட்டும், "எனக்கு ட்சொலியாக்கி இல்லைத்தானே" என்று சொல்லி, சாம்பார்ச் சட்டியையும் வடைத் தட்டையும் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். குளிரில் நின்றபடி ஆறு வடை தின்றார். மருமகன் கைப்பக்குவத்தை அன்று முழு மனதோடு அங்கீகரித்தவர் அவர் ஒருவர்தான்.

கல்யாணம் நடந்து நான்கு வருடமாகிறது. எங்கள் சமையலறையில் இப்போது அரிசி மாவு கலந்த பெருங்காயம் இருக்கிறது. அண்ணை கடையில்தான் வாங்குகிறேன். அன்று டிராம் வராமல் இருந்திருந்தால் அவர் இதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பார். நான் அவரிடம் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவர் கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நான் எதையாவது கொஞ்சம் உறுதியாகச் சொல்லிவிட்டால் போதும், இந்த ரயில் நேராக டுசல்டோர்ஃப் போகும் என்றோ, இந்த விண்ணப்பத்தை இப்படித்தான் நிரப்ப வேண்டும் என்றோ, வீட்டில் யாராவது ஒருவர் உடனே சொல்வார்கள்: "ஒருக்கா அம்மாவுக்கு ரெலிபோன் எடுங்கோ." அங்கிள் சொல்வார், மயூரி சொல்வாள். என் அம்மாவே திருச்சியிலிருந்து, யாழ்ப்பாணத் தமிழில், சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஆன்ட்டி மட்டும் இதுவரை அதை என்னிடம் சொன்னதில்லை. போன மாதம் டுசல்டோர்ஃபில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் சமையல்காரர் மயூரியின் இலையில் சாம்பார் ஊற்ற வந்தார். நான் விசாரித்தேன். "உதிலை கோதுமை ஒண்டும் இல்லை, எனக்கு வடிவாத் தெரியும்," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி.

ஆன்ட்டி இலைக்கு மேல் கையை வைத்து மறித்தார்.

"தம்பி, ஒருக்கா உங்கடை அம்மாவுக்கு ரெலிபோன் எடுங்கோ."

"அம்மா கனடாவிலை," என்றார் அவர் குழம்பிப் போய். "அவவுக்கு என்ன தெரியும்?"

எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் கோபமாகப் போனார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு பெருங்காய டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதன் பின்பக்கத்தை ஆன்ட்டியிடம் காட்டினார். "ஓம் அக்கா, போட்டிருக்கு," என்றார் சின்னக் குரலில்.

ஆன்ட்டி அவரைத் திட்டவில்லை. மயூரிக்குப் புது இலையில் வெறும் சோறும் தயிரும் போடச் சொன்னார். அவர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"உங்கடை அம்மாவுக்கு நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ," என்றார்.